வெறும் வண்டி

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் உரக்கடைக்காரர் கொடுத்தது. ஐந்து மாதமாக அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. இன்று துடைத்து எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் பவளம். தினமும் சாயங்காலம் நான் போனில் புலம்புவதை அவள் அக்கா வீட்டில் எல்லோரும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். "பாதியைப் பேப்பர்ல எழுதுங்க, மீதியை எங்கிட்டச் சொல்லுங்க" என்றுவிட்டாள்.

முதல் பக்கத்தில் பெயர், தொழில் எழுதக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். எழுதிவிட்டேன். குருநாதன், ஜீப் டிரைவர், சாரல்மேடு. இங்கிருந்து போடிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். அதில் ஒன்பது கிலோமீட்டரில் தார் கிடையாது, பாறைதான். பத்தொன்பது வருஷமாக ஆட்களையும் ஏலக்காய் மூட்டைகளையும் ஏற்றி இறக்குகிறேன்.

பவளக்கொடி என் மனைவி. ஏலக்காய் ஸ்டோர் வாசலில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. ஊருக்கு அப்படித்தான் தெரியும். ஏப்ரல் கடைசியிலிருந்து போடியில் அவள் அக்கா முத்துராணி வீட்டில் இருக்கிறாள்.

இன்று நான் வைத்த சாம்பாரைக் கோழிக்கு ஊற்றினேன். அதுவும் கொஞ்ச நேரம் யோசித்தது.

ஜூன் 12, வியாழன்

டாக்டரிடம் போனோம். எலும்பு கூடி வருகிறதாம். "வீட்டுக்குப் போலாம்மா. ஆனா அந்த ரோட்டுல ஒரு தூக்கு தூக்கிப் போட்டுச்சுன்னா, மறுபடி முதல்ல இருந்துதான்" என்றார். அவர் ஒருமுறை சாரல்மேட்டுக்கு முகாமுக்கு வந்திருக்கிறார். எந்த ஜீப்பில் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மதினி முத்துராணி ஆரம்பித்தார். "தம்பி, பின் தெருவுல ஒரு வீடு காலியாகுது. அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி வரைக்கும் யாருக்கும் விடாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு பேரும் கீழே வந்துருங்க. போடியில ஓட்ட வண்டியா இல்ல?" மதினி சொல்வதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

நான் செருப்பைப் போடும்போது பவளம் மெதுவாகக் கேட்டாள்: "நம்ம வீட்டுக் கொய்யாவுல பிஞ்சு விட்டுருச்சா?"

இருபத்தாறு வருஷம் கூட இருந்தவனுக்கு அந்த ஒரு கேள்வி போதும். அவள் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறாள். ஜூலை பதினைந்துக்குள் இந்த ஜீப்பை அவளைத் தூக்கிப் போடாத ஜீப்பாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் பின் தெரு வீடு.

ஜூன் 14, சனி

நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தேன். நாற்பதிலிருந்து இருபத்தெட்டு. கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. ஸ்டியரிங்தான் மாவு பிசைகிற மாதிரி இருக்கிறது.

பாறை ரோட்டிலுள்ள குரங்குப் பாலத்தில் இப்போதெல்லாம் முதல் கியருக்கு மாற்றி ஊர்ந்துதான் போகிறேன். பின்னாலிருந்து வேலுத்தாய் கத்தினாள்: "அண்ணே, நாங்க எறங்கித் தள்ளட்டுமா?" வேலுத்தாய், எஸ்டேட்டில் பவளத்தோடு ஏலப்பழம் பறிக்கிற பெண்கள் செட்டுக்குத் தலைவி. அவள் வாய்க்கு எஸ்டேட் மானேஜரே பயப்படுவார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

போடியில் சுப்புராஜ் அண்ணன் பட்டறை. லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுகிறவர். இத்தனை வருஷமாக ஒடிந்த பட்டையை மாற்ற மட்டுமே அவரிடம் போயிருக்கிறேன். இன்று, "அண்ணே, வண்டி மெத்துனு போகணும்" என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு, ஒனக்கா?"

"பேசஞ்சருக்கு."

"பத்தொன்பது வருசமா இல்லாத பேசஞ்சர் இப்ப எங்கிட்டிருந்து வந்தான்?" என்று வண்டிக்கு அடியில் படுத்தார். ஒவ்வொரு பக்கமும் எண்ணினார். பின்னால் ஒன்பது பட்டை. "கம்பெனியில ஏழுதானய்யா. மேல ரெண்டு பட்டையைச் சொருகுன புண்ணியவான் யாரு?"

நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்பு, மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது என்று வேறு பட்டறையில் கட்டினேன். அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமை. சாரல்மேட்டில் பதினெட்டுப் பேரை ஏற்றியும் தாழாத வண்டி என்னுடையது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பதினெட்டுப் பேரின் இடுப்பை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"ரெண்டையும் கழட்டுறேன். அப்புறம் பத்துப் பேருக்கு மேல ஏத்தக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

பகல் முழுக்கப் பட்டறையில். பட்டைகளைப் பிரித்துப் போட்டால் நடுவில் துரு பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. "பட்டைன்னா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கணும். இது வெல்டிங் வச்ச மாதிரில்ல கெடக்கு. இரும்புக் கட்டை மேல ஒக்காந்து ஓட்டிருக்க" என்றார் அண்ணன். ஒவ்வொன்றையும் தேய்த்தேன். நுனியில் கூராக இருந்ததை அவர் மழுக்கினார். இடையில் கிரீஸ் தடவி, புது சென்டர் போல்ட் போட்டு, புது ரப்பர் புஷ் அடித்துக் கட்டினோம். ஷாக் அப்சார்பர் நான்கிலும் எண்ணெய் எப்போதோ ஒழுகித் தீர்ந்திருந்தது. அதையும் மாற்றியாயிற்று.

மதியம் பவளத்தைப் பார்க்கப் போனேன். கை கறுப்பைப் பார்த்து, "வண்டிக்கு என்ன?" என்றாள். "வழக்கமான வேலைதான்" என்றேன். அவள் என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பெல்ட் போட்டு, பிடித்துக்கொள்ளாமல் பத்து நிமிடம் நடக்கிறாள். மெலிந்துவிட்டாள். அதைச் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

எட்டு மூட்டை உரம், கூட வேலுத்தாய். அவள் மடியில் வாய் வரைக்கும் மோர் நிறைத்த சொம்பு. பாறை ரோடு ஒன்பது கிலோமீட்டரும் ஏறினோம். சேலையில் நாலு சொட்டுத்தான் விழுந்தது. "அண்ணே, இது ஓங்க வண்டிதானா? இல்ல எவன் வண்டியையாச்சும் மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றவள் மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் தந்தாள்.

பவளத்துக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். "வீட்டைக் கூட்டி வைங்க" என்றாள்.

ஜூன் 26, வியாழன்

வீட்டைக் கூட்டினேன். இரண்டு முறை.

ஸ்டோர் வாசலில் சிமெண்டைக் கொத்திச் சொரசொரப்பாக்குகிறார்கள். காவல்காரர் மாயாண்டி முட்டி போட்டுப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் ஒழுங்காகக் கழுவிவிடாததால்தான் பவளம் விழுந்தாள் என்று எஸ்டேட் ஆபீசில் திட்டு விழுந்ததாம். என்னைப் பார்த்து எழுந்து, "தங்கச்சி எப்படிப்பா இருக்கு? எம்மேல கோவமா இருக்கா?" என்றார். வண்டிக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தேன். நேரம் ஆகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

முன்சீட்டில் மூன்று தலையணை வைத்து உட்கார வைத்தேன். வேறு யாரையும் ஏற்றவில்லை. அவளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று ஏற்றிவந்த மூட்டை, முடிச்சையெல்லாம் போடியில் இறக்கிவிட்டு வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோயிருந்தேன். தார் ரோட்டில் நன்றாகத்தான் வந்தாள். பேசிக்கொண்டே வந்தாள். பாறை ரோடு தொடங்கி அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. வண்டி குதித்தது. இவ்வளவுக்கும் பத்து கிலோமீட்டர் வேகம்கூடக் கிடையாது. அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைச் சீட்டிலிருந்து தூக்கிக்கொண்டாள். இரண்டாவது குதியில் "அம்மா" என்றாள். மூன்றாவதில் சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"திருப்பிரலாங்க" என்றாள்.

மதினி வாசலில் நின்று திட்டினார். அத்தனைக்கும் நான் தகுதியானவன்தான். பவளம் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 30, திங்கள்

வண்டியை எடுக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று முழுக்க யோசித்தேன். ஒன்றை எழுதிவிட்டால் தேவலை.

பவளம் ஸ்டோரில் விழவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு. போடியில் ஒரு கல்யாணத்துக்கு நானும் அவளும் இறங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் ஸ்டாண்டில் இன்னொரு ஜீப் ஓட்டுகிற சில்வஸ்டர் அவன் ஜீப்பில் பின்னாலிருந்து ஹாரன் அடித்து முந்தினான். போகிற போக்கில் கையை வேறு ஆட்டினான். நான் மிதித்தேன். குரங்குப் பாலத்துக்கு முன்னால் மழை அறுத்த பள்ளம் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மிதித்தேன். அவள் தலை மேலே படுதாக் கம்பியில் முட்டி, உட்கார்ந்த வாக்கிலேயே சீட்டில் வந்து விழுந்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், "நேத்து ஸ்டோர் வாசல்ல வழுக்கிட்டேன்மா" என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் வண்டியில்தான் போகிறார்கள். பேர் கெட்டால் யாரும் பிள்ளைகளை ஏற்றிவிட மாட்டார்கள் என்று நினைத்திருப்பாள். அந்த வலியிலும் அவளுக்கு அது ஓடியிருக்கிறது. நான் சும்மா நின்றேன். இன்றைக்கு வரை சும்மாதான் நிற்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். முழுத் தப்பும் என்னுடையது.

ஜூலை 3, வியாழன்

சுப்புராஜ் அண்ணனிடம் சண்டை போடத்தான் போனேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "எட்டு மூட்டையோட ஏறுறப்ப நல்லா இருந்துச்சுல்ல? பொண்டாட்டியக் கூட்டிட்டு வாறப்ப எத்தன மூட்ட?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணே. வெறும் வண்டி."

தலையில் அடித்துக்கொண்டார். "மூட்ட ஏத்துற வண்டிக்குய்யா இந்தப் பட்டை. மேல பாரம் இருந்தாத்தான் வளையும். ஒத்தப் பொம்பளைக்கு அது எப்பிடி வளையும்? இன்னும் பட்டையக் கழட்டலாம். அப்புறம் நீ மூட்ட ஏத்த முடியாது, பொழப்ப மறந்துர வேண்டியதுதான்."

லாரிக்காரனுக்குத் தெரியும், ஆட்டோக்காரனுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஜீப்காரனுக்கு வெறும் வண்டி எடுப்பதே பாவம். ஒரு ஆள் குறைந்தால்கூட ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்று கூவி ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவோம். என் வண்டி வெறுமையாக எப்படிப் போகும் என்பதே பத்தொன்பது வருஷத்தில் எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் இரண்டே முறைதான் வெறும் வண்டியாக அந்தப் பாறையில் ஓட்டியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஏப்ரல் 27 ஒன்று. இரண்டு முறையும் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் வருகிறாள், நெரிசல் வேண்டாம் என்று ஆசையாகக் காலி செய்து கூட்டிப்போன இரண்டு நாளும்.

ஜூலை 5, சனி

பின்னால் ஆறு மூட்டை ஆற்று மணல் போட்டுக் கூட்டி வரலாம் என்று முடிவு செய்தேன். மணல் அள்ளும்போது வேலுத்தாய் வந்து, எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"மூட்டைக்கு வாய் இருக்கா அண்ணே? அவளே ரெண்டு மாசமாப் பேச ஆளில்லாமக் கெடக்கா. மண்ணுக்குப் பதிலா நாங்க வாரோம்."

"ஆறு மூட்டை பாரம் வேணுமே."

"எங்க செட்டுல ஆறு பேரு. எடை கேட்டீங்க, கொன்னுபுடுவேன்."

கேட்கவில்லை. பார்த்தாலே தெரிகிறது, வேலுத்தாய் ஒருத்தியே ஒன்றரை மூட்டை வருவாள். இதை அவள் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

ஆறு பேரோடு வெள்ளோட்டம். யார் எங்கே உட்கார்ந்தால் சரியாக இருக்கிறது என்று மூன்று முறை மாற்றி உட்கார வைத்தேன். கடைசியில் கனமானவர்கள் அச்சுக்கு நேர் மேலே, மற்றவர்கள் முன்தள்ளி. ஏன் இந்த வரிசை என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. டயர் காற்று இருபத்தாறு. மோர்ச் சொம்பில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

பவளத்திடம் சொன்னேன். "மறுபடியும் திருப்ப வேண்டி வந்தா?" என்றாள். வந்தால் நானே பின் தெரு வீட்டுச் சாவியை வாங்கிவிடுகிறேன், அதன்பிறகு இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன் என்றேன். "சரி" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஆறு பெண்களும் விசேஷத்துக்குப் போகிறவர்கள் மாதிரி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். போடியில் மதினி வீட்டு வாசலில் இறங்கி பவளத்தைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தவர்களை மதினி கை நீட்டித் தடுத்தார். எல்லோருக்கும் இட்லி போட்டார். ஆளுக்கு இரண்டு போதும் என்று சொன்ன வேலுத்தாய்க்கு, "நல்லாச் சாப்பிடு, பாரம் வேணுமாம்ல" என்று ஆறு வைத்தார். மதினி கோபத்திலும் உதவுகிறவர்.

பவளத்துக்கு பெல்ட்டை இறுக்கி முன்சீட்டில் உட்கார வைத்தேன். பாறை ரோடு வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். முதல் பள்ளம். வண்டி தாழ்ந்து, மெல்ல நிமிர்ந்தது. அவள் கம்பியைப் பிடித்திருந்தாள். இரண்டாவது. மூன்றாவது. திரும்பிப் பார்க்க எனக்குப் பயம். வலிக்கிறதா என்று கேட்கவும் பயம். அரைக் கிலோமீட்டர் தாண்டியது. அவள் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, "வேலு, ஒம் மருமக முழுகாம இருந்தாளே, என்னாச்சு?" என்றாள். அவ்வளவுதான், பின்னால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

குரங்குப் பாலம் நெருங்கும்போது பேச்சு ஸ்டோருக்கு வந்துவிட்டது. "அந்த மாயாண்டியச் சும்மா விடக் கூடாது பவளம். நீ வா, ஒரு கை பாப்போம். சம்பளத்துல பிடிக்கணும்னு நான் ஆபீசுல சொல்லிருக்கேன்" என்றாள் வேலுத்தாய்.

பவளம் மறுபடி கம்பியைப் பிடித்தாள். நான் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "என்னங்க?" என்றாள். திரும்பி உட்கார்ந்து ஆறு பேரையும் பார்த்துச் சொன்னேன். அவள் ஸ்டோரில் விழவில்லை. இந்த இடத்தில், இந்த வண்டியில், என்னால்தான் அடிபட்டது. சில்வஸ்டர் முந்தினான் என்று ரோஷப்பட்டு மிதித்தேன். இத்தனை நாள் மறைத்தேன். மாயாண்டிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் பிள்ளைகளை இனி என் வண்டியில் அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம்.

வேலுத்தாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

"பாதியச் சொல்றாரு" என்றாள் பவளம்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் நிறுத்தவில்லை. திரும்ப முடியாததால் முன்கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள். "இவரு பாட்டுக்கு மெதுவாத்தான் வந்தாரு. சில்வஸ்டரு கையாட்டிட்டுப் போறான். 'விடாதீங்க, மிதிங்க, அவனுக்கு முன்னாடி கல்யாண மண்டபத்துல நிக்கணும்'னு தொடையில தட்டித் தட்டிச் சொன்னது நான். ஆஸ்பத்திரியில நான் பொய் சொன்னது இவருக்காகன்னு இவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு. எனக்கு வெக்கம். அம்பது வயசாகப் போகுது, ரேஸ் விடச் சொன்னேன்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல?"

இதை நான் ஜூலை 1-ஆம் தேதி எழுதவில்லை. எழுதவே கூடாது என்றிருந்தேன். மிதித்த கால் என்னுடையதுதானே.

வேலுத்தாய்தான் முதலில் சிரித்தாள். "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமாத்தான் வந்து சேந்துருக்கு" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மாயாண்டியண்ணங்கிட்ட யாரு சொல்றது?" என்றாள். நாளைக் காலையில் நானும் பவளமும் போய்ச் சொல்கிறோம் என்றேன். ஆபீசிலும் நானே சொல்கிறேன் என்றேன். "நானும் வாரேன். நானுந்தான அந்தாளத் திட்டினேன்" என்றாள்.

எனக்கு ரோடு தெரியவில்லை. "கண்ணத் தொடைங்க, அப்புறமா ஓட்டுங்க" என்றாள் பவளம். தன் முந்தானை நுனியைத் தந்தாள்.

ஐம்பது நிமிட ரோட்டை இரண்டரை மணி நேரத்தில் ஏறினேன். பாலத்தைத் தாண்டி நாலாவது வளைவில் பவளத்தின் பேச்சு நின்றது. பயந்துபோய்த் திரும்பினேன். தூங்கிவிட்டாள். என் வண்டியில் இதுவரை யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை மடியில் கிடந்தது, எதையும் பிடித்திருக்கவில்லை.

மூன்றரை மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வேலுத்தாய் இறங்கக் காலைத் தூக்கினாள். அவள் எழுந்த அளவுக்கு வண்டியின் பின்பக்கம் மேலே வந்தது, பவளத்தின் தலை அசைந்தது. வேலுத்தாய் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள். மற்ற ஐந்து பேரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

அவர்களுக்கு ஆடு பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும். சாரல் வேறு தொடங்கிவிட்டது. பவளம் தானாகக் கண் விழிக்கிற வரைக்கும் ஆறு பேரில் ஒருத்திகூட இறங்கவில்லை.